கொடுவாவுக்குப் பிடித்த நிறம்

மதாம் வருவது தெரிந்தால் எங்கள் கடைத்தெருவில் கத்தரிக்காய் விற்பவர் கூடையின் மேல் சாக்கை இழுத்து மூடிக்கொள்வார். அவருக்கு விற்க மனமில்லாமல் இல்லை. மதாம் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அதிலிருக்கும் அத்தனை காயும் ஒருமுறை வெளியே வந்து, வெளிச்சத்தில் புரண்டு, திரும்ப உள்ளே போகும். கடைசியில் மதாம் வாங்குவது கால் கிலோ.

“என்னதான் வேணும் மதாம் உங்களுக்கு?” என்று அவர் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது மதாம் நிதானமாகச் சொன்னார்:

“எது வேணும்னு எனக்குத் தெரியும். இதுல எது அதுன்னுதான் இன்னும் தெரியல.”

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்சனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் காரைக்காலில் சொல்தா என்பார்கள். அவர்கள் வீட்டம்மாவுக்குத் தானாகவே மதாம் என்று பேர் வந்துவிடும். இவர் பிறந்தது என்னவோ கோட்டுச்சேரிப் பக்கம். கட்டுவது நூல்சேலை. பதினைந்து வருஷம் பிரான்சில் இருந்ததற்கு அடையாளமாக அவரிடம் இருந்தவை குளிருக்குப் போடும் ஒரு சாம்பல் நிறச் சட்டையும், நீளமான தகரக் குழாய் ஒன்றும்தான். அந்தக் குழாய்க்குள் ஒரு தூண்டில் கழி இருந்தது.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கடைத்தெருவில் இரண்டு மிஷின் போட்ட தையல் கடை எனக்கு. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், பேச்சும் அதிகம் வராது. அளவெடுக்கும்போது தலை குனிந்தே இருக்கலாம் என்பதால் தொழில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அக்கா என் கடைக்கு ரவிக்கை தைக்க வந்ததைவிட நூலுக்கு வந்ததுதான் அதிகம். நூல், சரிகைத் துண்டு, பட்டுக் கரையில் வெட்டிப்போட்ட ஓரம் என்று நான் குப்பையில் போடுவதையெல்லாம் விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பார்.

அதெல்லாம் மூஷ் கட்டுவதற்கு. மூஷ் என்றால் பிரெஞ்சில் ஈ. தூண்டில் முள்ளில் புழுவோ இறாலோ கோக்காமல், கோழி இறகையும் நூலையும் சுற்றி ஒரு பூச்சியைப்போல, ஒரு சின்ன மீனைப்போலச் செய்துவிடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர் சொல்தா பட்டாளத்தில் ஒரு அதிகாரியிடம் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. அங்கே ஏரி மீனுக்குச் செய்ததை இங்கே அரசலாற்றுக் கொடுவா மீனுக்குச் செய்துகொண்டிருந்தார்.

வேலையை இருவரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுவது சொல்தா, எதைக் கட்டுவது என்று சொல்வது அக்கா. அதைச் சொல்ல அவர் காலையிலேயே காரைக்கால்மேட்டுக்குப் போவார். ஏலம் முடிந்து பெண்கள் மீனை அறுக்கும் இடத்தில் நின்று, கொடுவா அறுத்தால் அதன் இரைப்பையை மட்டும் கேட்டு வாங்குவார். செய்தித்தாளில் அதை வைத்துச் சின்னக் கத்தரியால் திறந்து பார்ப்பார்.

“மீனெல்லாம் எங்களுக்கு, குடலெல்லாம் மதாமுக்கு. பிரெஞ்சு பென்சன் வாங்கியும் இதான் கதியா?” என்பாள் அங்கே மீன் விற்கும் ஒரு பெண்.

“உன் மீனு செத்துப்போச்சு. நான் உசுரோட இருக்கிறதுகிட்ட போய்ப் பேசணும். அது என்ன தின்னுதுன்னு தெரியாம என்னத்தப் பேசுறது?” என்பார் அக்கா.

இரைப்பையில் மடவை மீன் குஞ்சு இருந்தால் வெள்ளி நிறம். இறால் இருந்தால் பழுப்பு. ஆனால் அதோடு முடியாது. ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்க்கவேண்டும். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளை, கலங்கிய தண்ணீருக்குக் கறுப்பு. கறுப்பு எப்படித் தெரியும் என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். கீழேயிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வானம் பின்னால் இருக்கிறது, அதனால் கறுப்புத்தான் தெரியும் என்றார். கறுப்பு மூஷுக்கு அவர் வைத்திருந்த பேர் சாமியார். சரிகை சுற்றியதற்கு மாப்பிள்ளை. வெள்ளை இறகும் சிவப்புக் கழுத்தும் வைத்த ஒன்றுக்கு மட்டும் பேர் கிடையாது. அது பிரான்சில் கட்டிய பழசு, சும்மா பெட்டியின் ஓரத்தில் இருந்தது.

அந்தப் பெட்டி ஒரு நீளமான பிஸ்கோத்து டப்பா. அடியில் தக்கை ஒட்டி மூஷ்களை ஒரே வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். இடது ஓரத்தில் பழசு, புதிதாகக் கட்டியது வலது ஓரத்தில். வரிசை மாறினால் கோபம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, கடல் தண்ணீர் ஆற்றில் ஏறும் நேரம் பார்த்து இருவரும் கரைக்குப் போவார்கள். எனக்கும் அன்று கடை இல்லை. சற்றுத் தள்ளி நின்று பார்ப்பேன். அக்கா பெட்டியைத் திறந்துகொண்டு தண்ணீரைப் பார்ப்பார். பெட்டியைப் பார்ப்பார். திரும்பத் தண்ணீரைப் பார்ப்பார். சொல்தா ஒரு சிகரெட்டை முடித்து இன்னொன்றைப் பற்றவைப்பார்.

“அலே, அலே” என்பார். ஆகட்டும், சீக்கிரம் என்று அர்த்தமாம்.

“இருங்க. இன்னும் பாக்கவே இல்ல” என்பார் அக்கா.

தண்ணீர் ஏறி, நின்று, சில நாள் வற்றவே தொடங்கிவிடும். ஆனால் அவர் எடுத்துக் கொடுத்ததைக் கட்டி வீசினால் பாதி நாள் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள். வீசுவதில் அக்காதான் கெட்டிக்காரர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பார். கயிறு சாட்டைபோல முன்னும் பின்னும் போய்வந்து, கடைசியில் மூஷ் மட்டும் தண்ணீரில் சத்தமில்லாமல் உட்காரும். பாலத்தில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள்.

ஓர் ஆடி மாதம், புதுத்தண்ணீர் வந்து ஆறு கலங்கியிருந்த சமயம், அக்கா காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்தார். உயிரோடிருக்கும் இறாலின் முதுகு நிறத்தில் நூல் வேண்டுமாம். இருந்த நூல்கண்டு அத்தனையும் எடுத்துப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இரண்டில் வந்து நின்றார். ஒன்று பால் குறைந்த தேநீரின் நிறம். மற்றது அதிலேயே இன்னும் ஒரு சொட்டுப் பால் விட்ட நிறம். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பார்த்தார். நிழலில் பார்த்தார். தண்ணீர் தொட்டுப் பார்த்தார். எனக்கு வேலை இருந்தது. ஆனால் அவர் பார்ப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதனால் அவசரப்படுத்தவில்லை. இன்னும் அரை மணி போயிருக்கும்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தார். சொல்தா கூடத்தில் விழுந்து கிடக்கிறாராம், எவ்வளவு நேரமாகக் கிடக்கிறார் என்று தெரியாதாம். அக்கா இரண்டு கண்டுகளையும் என் மிஷின்மேல் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினார்.

சொல்தா பிழைத்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. இருபது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கத்தரிக்காய்க்காரர் அள்ளிப்போட்டதை அப்படியே பையில் வாங்கிக்கொண்டு போனார். காய்க்காரர் இரண்டு நாள் சந்தோஷப்பட்டார். மூன்றாம் நாள் என் கடைக்கு வந்து நின்றார். “மதாமுக்கு என்னங்க ஆச்சு? சொத்தையப் போட்டாலும் பாக்க மாட்டேங்கிறாங்க. எனக்கே ஒரு மாதிரி இருக்கு” என்றார். காரைக்கால்மேட்டில் அந்த மீன்காரப் பெண் கொஞ்ச நாள் இரைப்பைகளை எடுத்து வைத்திருந்து, பிறகு காக்கைக்குப் போட்டாள்.

ஆனால் ஆற்றுக்குப் போவதை மட்டும் அக்கா விடவில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனவர் இப்போது வாரத்தில் நாலு நாள் போனார். போவதற்கு முன் பெட்டியைத் திறந்து சொல்தாவுக்கு முன்னால் முக்காலியில் வைப்பார். சொல்தா இடது கையை நீட்டி ஒன்றைக் காட்டுவார். ஒவ்வொரு நாளும் அதே வெள்ளை. சிவப்புக் கழுத்து வைத்த, பேரில்லாத வெள்ளை.

ஆடி போய், ஆவணி போய், ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. ஆறு செம்மண்ணைக் கரைத்ததுபோல ஓடிற்று. அந்தத் தண்ணீரில் வெள்ளை ஒரு சாண் ஆழத்தில் காணாமல் போகும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே அந்த வெள்ளையைக் கட்டி மணிக்கணக்காக வீசிக்கொண்டிருந்தார். பாலத்தில் இப்போது யாரும் சைக்கிளை நிறுத்துவதில்லை. ஒருநாள் பொறுக்காமல் நான் கிட்டப்போய், சாமியாரைக் கட்டிப் பார்க்கலாமே அக்கா என்றேன்.

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“நான் பார்த்துப் பார்த்து எடுத்ததுல என்ன ஆச்சுன்னுதான் தெரியுமே தம்பி. இப்ப அவர் எடுக்கட்டும்.”

கயிற்றை முழுசாகச் சுற்றி முடித்து, “என் முகத்தப் பாக்க மாட்டேங்கிறார்” என்றார். “பக்கத்துலயே உக்காந்திருக்கேன். செத்த கைய மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். கூப்பிட்டா அந்தப் பக்கம் வாசலப் பார்த்துத் திரும்பிக்கிறார். இந்த ஒண்ணுதான் என்கிட்ட சொல்றார். இதுல ஒரு மீனப் பிடிச்சுக் கொண்டுபோய்க் காட்டிட்டா, கோவம் ஆறிடும்.”

ஆடியில் அக்கா என் கடையில் நின்ற அந்த ஒன்றரை மணி நேரமும் நூல்கண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

கிறிஸ்துமஸுக்குச் சொல்தாவுக்குச் சட்டை தைக்க அளவெடுக்க அக்கா கூப்பிட்டிருந்தார். போனபோது அவர் சாப்பிட்டு முடித்திருந்தார். தட்டில் சோறு பாதியில் கோடு கிழித்ததுபோல அப்படியே இருந்தது. ஒரு பாதி துடைத்த மாதிரி சுத்தம், மறுபாதியில் கை படவே இல்லை. தினமும் இப்படித்தான் ஒரு பக்கம் வைக்கிற கறியைத் தொடுவதில்லை, என்ன வைத்தால் பிடிக்கும் என்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் பேசாமல் சொல்தாவுக்கு வலப்பக்கம் போய் நின்று தோளில் டேப்பை வைத்தேன். சொல்தா திடுக்கிட்டு நடுங்கினார். அங்கே ஆள் நிற்பதே தெரியாதவர்போல. இத்தனைக்கும் அவர் முன்னால் நடந்துதான் அந்தப் பக்கம் போனேன். நோயாளிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டையைக் கொண்டுபோனேன். அக்கா அடுப்படியில் இருந்தார். பெட்டி திறந்தபடி முக்காலியில் இருந்தது. சட்டையைப் பிரித்துக் காட்ட இடம் வேண்டி, பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தேன். காட்டி முடித்தபிறகு எடுத்துத் திரும்ப வைத்தேன். சரியாகத்தான் வைத்தேன் என்று நினைப்பு.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். “எது?” என்றார். சொல்தா இடது கையை நீட்டினார். விரல் போய் நின்றது பழுப்பு மூஷில். விழுவதற்கு முந்தின வாரம் அவர் கட்டிய கடைசி மூஷ் அது. என் கடைச் சரிகையை இரண்டு சுற்றுச் சுற்றிய இறால்.

“இதுவா?” என்றார் அக்கா. விரல் நகரவில்லை.

“இதேதானா?”

அந்தப் பெட்டியில் ஒன்று இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவர், அன்று பெட்டியைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கைவலையை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார்.

மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் இன்னும் தெளியவில்லை, ஆனால் கடல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாவதோ நாலாவதோ வீச்சு. பாலத்தூணின் நிழல் விழும் இடத்தில் மூஷ் இறங்கியது. அக்கா அதை இறால் துள்ளுவதுபோல விட்டு விட்டு இழுத்தார். தண்ணீருக்குள் யாரோ கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம் வந்தது. கழி வளைந்தது. அதன்பின் கால் மணி நேரம் அக்கா அதோடு மல்லுக்கட்டினார். மீன் கடலுக்குப் போகப் பார்த்தபோது விட்டுக்கொடுத்தார், தூணைச் சுற்றப் பார்த்தபோது கரையோடு ஓடினார். வலையில் அள்ளியபோது அது வலைக்குள் பாதிதான் அடங்கிற்று. ஏழு கிலோவுக்குக் குறையாது.

வீட்டுக்கு அவர் நடக்கவில்லை, கிட்டத்தட்ட ஓடினார். சேலையெல்லாம் சேறு. வழியில் யார் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. “இன்னைக்காவது பாப்பாரு” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். என்னிடம் சொன்னாரா, மீனிடம் சொன்னாரா தெரியாது.

உள்ளே போய்த் தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, செவுளில் விரலைக் கொடுத்து மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். அதன் வாயோரம் இறால் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“இங்க பாருங்க. நீங்க எடுத்துக் கொடுத்தது” என்றார்.

சொல்தா முகத்தைத் திருப்பினார். வாசல் பக்கமாக.

அக்கா இன்னொரு முறை கூப்பிட்டார். அவர் இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் திரும்பினார். அக்காவின் கை மெல்ல இறங்கிற்று. மீனின் வால் தரையைத் தொட்டது. அவர் அழவில்லை. கத்தரிக்காய்க்காரர் சொத்தையைப் போடும்போது நிற்பாரே, அப்படி நின்றார்.

வாசலில் வலையோடு நின்றிருந்த எனக்கு அப்போதுதான் முக்காலியில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது. பெட்டியின் மூடி அது இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. பழைய வெள்ளை சொல்தாவுக்கு வலது ஓரத்தில் இருந்தது. பெட்டியை நான்தான் தலைமாற்றி வைத்திருந்தேன். தட்டில் கிழித்த கோடும், வலது தோளில் டேப் பட்டதும் நடுங்கிய நடுக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அக்காவின் ஸ்டூலும் அதே வலப்பக்கம்தான்.

“அக்கா” என்றேன். “மீனை எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க.”

“எதுக்கு தம்பி? விடுங்க.”

“வாங்கக்கா. அவருக்கு இடது கைப் பக்கமா வந்து நில்லுங்க.”

அதற்கு முன் அவரிடம் நான் இப்படி அழுத்திப் பேசியதே இல்லை. அதனால்தான் வந்தார் என்று நினைக்கிறேன். ஈர மீனை இழுத்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றி வந்து, வாசலுக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

சொல்தாவின் கண் முதலில் மீன்மேல் போயிற்று. பிறகு அதைப் பிடித்திருந்த கைகளுக்கு, பிறகு மேலே. எங்கேயோ தொலைந்துபோய்த் திரும்பி வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இடது கையை நீட்டினார். மீனைத் தொடவில்லை. அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை.

“இங்கதாங்க இருந்தேன்” என்றார் அக்கா. “அந்த ஸ்டூல்லதான் இருந்தேன். அஞ்சு மாசமா.”

நான் வலையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போகாமல் நேராக அக்காவிடம் போய்ப் பெட்டியைத் திருப்பி வைத்ததை ஒப்புக்கொண்டேன். அவரிடம் மறைக்க முடியாது. சொல்தா உண்மையிலேயே இறாலைத்தான் எடுத்தாரா, கண்ணுக்குத் தெரிந்த ஓரத்தைக் காட்டினாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அக்கா பெட்டியை இழுத்துத் திறந்து வரிசையைப் பார்த்தார். “அப்ப இத்தன நாளும் நான் ஓரத்துல இருந்ததத்தான் கட்டிக்கிட்டு நின்னேனா” என்றார். சிரிக்கத் தொடங்கியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பிறகு சொல்தாவை ஒரு டாக்டரிடம் காட்டியபோது வலப்பக்கம் எதுவும் அவருக்குத் தட்டுப்படாது, அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை என்று சொன்னாராம்.

ஸ்டூல் இடப்பக்கம் வந்தது. சாப்பிடும்போது அக்கா நடுவில் ஒருமுறை தட்டைத் திருப்பி வைத்தார். பாதிச் சோறு மிஞ்சுவது நின்றது. ஆனால் கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் அவர் இன்னும் உட்காரவில்லை. அள்ளிப்போட்டதைத்தான் வாங்கிப் போனார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், அந்த இரண்டு நூல்கண்டுகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆடியில் மிஷின்மேல் கிடந்ததிலிருந்து அவற்றை நான் வேறு எதற்கும் எடுக்கவில்லை. கொடுக்கலாமா என்று தெருமுனைவரை யோசனைதான். அக்கா ஸ்டூலில் இருந்தார். கண்டுகளை நீட்டினேன். பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வாங்கவில்லை. சொல்தாதான் கையை நீட்டி வாங்கினார். இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து அக்காவின் கையில் வைத்தார்.

அக்கா எழுந்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். நிழலுக்குக் கொண்டுவந்தார். ஒன்றின் நுனியை எச்சிலில் நனைத்துத் திரும்ப வெயிலுக்குப் போனார். நான் சுவரோரமாக நின்றேன். ஆற்றில் அந்நேரம் தண்ணீர் ஏறி நின்று வற்றத் தொடங்கியிருக்கும்.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்தாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. இன்னொரு முறை முயன்றார்.

“அ… லே.”

வாசலில் அக்காவின் முதுகு அசையாமல் நின்றது. அவர் திரும்பவில்லை. இரண்டு கண்டுகளையும் இன்னும் சற்று உயரத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“இருங்க” என்றார். “இன்னும் பாக்கவே இல்ல.”